எந்த ஊர் என்று எழுதட்டும்?

12 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு வீடு வாயடைத்துப் போய்விட்டது. போன வாரம் மாடியில் குடியிருக்கும் டைலர் இறங்கி வந்து, "என்ன டீச்சர், ஊர்லயே இல்லையோன்னு நெனச்சேன். சத்தமே காணோமே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. "மாத்திரை போட்டாச்சா?" என்று நான் அப்பாவைக் கேட்டால், தெருக்கோடியில் இருப்பவர்களும் ஞாபகம் வந்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அவருக்குக் காது போனதிலிருந்து பகலில் பள்ளிக்கூடத்தில் கத்தல், சாயங்காலம் வீட்டில் கத்தல். என் தொண்டையில் ஒரு கரகரப்பு நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. வாடகைதான் தருவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வளைகுடாவுக்கு இங்கிலீஷ் டீச்சர் எடுக்கும் ஒரு ஏஜென்சியில் விண்ணப்பம் போட்டேன். ஆமாம், நான்தான். இந்த வருஷம் தாண்டினால் வயது தாண்டிவிடும். மூன்று ஊர் காட்டினார்கள். ஒன்று தீவு. நாலா பக்கமும் தண்ணீர், நடுவில் நான். அதை அப்போதே அடித்துவிட்டேன். இரண்டாவது கடற்கரையில் பெரிய நகரம். மூன்றாவது எது தெரியுமா? உன் ஊர். உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெண்கள் பள்ளியாம். அந்த விலாசத்தைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தோடுதான் விசா. நடுவில் மாற முடியாது. அதனால் ஒரு வார்த்தை உன்னைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்வாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்க வேண்டும் அல்லவா? டைலர் வீட்டில் போன் வந்துவிட்டது. நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்கு லீவு நாளான ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடு. உன் குரல் கேட்டு எத்தனை நாளாகிறது!

உன் அக்கா

6 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி நெட்டையன் வணக்கம். நலம். உன் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. பேசாமல் இரு என்று சொன்னால் கேட்க மாட்டாய்.

நீ விண்ணப்பம் போட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். முதல் தடவையாக உனக்கென்று ஒரு காரியம் செய்திருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு கடற்கரை நகரத்தை எழுது.

இந்த ஊர் வேண்டாம் அக்கா. ஒரே ஒரு கடைத்தெரு. காற்று அடித்தால் தட்டில் இருக்கும் சோற்றிலும் மணல். குழாய்த் தண்ணீர் உப்பு. பெண்கள் பள்ளியில் டீச்சர்களை வேன் கொண்டுபோய் வேன் கொண்டுவந்து விடும். நடுவில் வெளியே எட்டிப் பார்க்க வழியில்லை. அந்த நகரத்தில் கடல் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, பெண்கள் தனியாகப் பஸ்ஸில் போகிறார்கள். அங்கிருந்து இங்கே வருவதென்றால் ஒரு பகல் முழுக்கப் பஸ், அதுதான் ஒரு குறை. அது பெரிய குறையில்லை.

என் வகுப்பு நன்றாகப் போகிறது. இந்த வருஷம் ஒரு புது முறை வைத்திருக்கிறேன். யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்லக் கூடாது. எழுந்து வந்து பலகையில் எழுத வேண்டும். பிரின்சிபால் மற்ற வாத்தியார்களைக் கூட்டிவந்து காட்டுகிறார். என்னோடு அறையில் இருக்கும் கணக்கு வாத்தியார் மட்டும், "சாக்பீஸ் எல்லாத்தையும் நீயே காலி பண்ணிடுறே" என்று திட்டுகிறார்.

போன் வேண்டாம் அக்கா. இங்கே லைன் சரியில்லை. கடிதம்தான் நல்லது, திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

நெட்டையன்

24 பிப்ரவரி

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கொப்பளித்தேன். கரகரப்பு அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போன வருஷம் இதே ஊரைப் பற்றி என்ன எழுதினாய் என்று எடுத்துப் பார்க்கட்டுமா? "அமைதியான ஊர், சாயங்காலம் நடக்க அகலமான ரோடு, நல்ல ஜனங்கள்." அந்த நல்ல ஜனங்கள் எல்லாரும் நான் வருகிறேன் என்றதும் ஊரைக் காலி செய்துவிட்டார்களா? உப்புத் தண்ணீரும் மணலும் எனக்கு ஒரு பொருட்டா? எனக்குக் கடல் எதற்கடா? நான் என்ன மீன் பிடிக்கவா வருகிறேன்?

அப்பாவும் இல்லை. எனக்கு இருப்பது நீ ஒருவன். உன் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் வேலை கிடைத்திருக்கும்போது ஒரு பகல் தூரம் தள்ளி உட்கார நான் என்ன பைத்தியமா? வேறு காரணம் இருந்தால் நேரே சொல். நீ யாரையாவது மனதில் வைத்திருந்தால் அதையும் சொல், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஏஜென்சியில் மாதிரிப் பாடம் ஒன்றை கேசட்டில் பதிந்து கேட்கிறார்கள். பள்ளிக்கூட டேப் ரிக்கார்டரை மேசையில் வைத்து ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ஒரு பீரியட் முழுக்க எடுத்தேன். மகராசிகள் அன்றைக்கென்று தும்மக்கூட இல்லை. டைலரின் பெட்டியில் இரண்டு கேசட் போடலாம், அதில் உனக்கு ஒரு பிரதி எடுத்து இதோடு அனுப்புகிறேன். என் குரலை நானே கேட்க எனக்கு வெட்கம், போட்டுப் பார்க்கவில்லை. நீ கேட்டுவிட்டு ஒளிக்காமல் எழுது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் அக்கா

2 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம்தான். பதில் தாமதமானதற்குத் திட்டாதே. பரீட்சைத் தாள் மலை போல் குவிந்திருந்தது.

கேசட் வந்தது. அன்றைக்கே கேட்டேன். பிரமாதம். உச்சரிப்பு தெளிவு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது. கேள்வி கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் கொஞ்சம் வேகம். அதுவும் பதற்றத்தில் வந்திருக்கும். இந்தக் குரலுக்கு அந்த நகரத்துப் பள்ளிக்கூடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியாரின் மச்சினி அங்கேதான் வேலை பார்க்கிறாள். விசாரித்து வைத்திருக்கிறேன். டீச்சர்களுக்குத் தனித்தனி அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். வேறு காரணம் எதுவும் இல்லை. நான் யாரையும் மனதில் வைத்திருக்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெட்டையன்

18 ஏப்ரல்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

இன்று ஏஜென்சியில் கூப்பிட்டார்கள். போனேன். அங்கே இருக்கிறவர் என் கேசட்டைப் பெட்டியில் போட்டு ஓடவிட்டார். உஸ் என்று ஒரு சத்தம். முதல் பக்கம் முழுக்க உஸ். திருப்பிப் போட்டார். அதுவும் உஸ். "மேடம், ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும். நீங்க ஒண்ணை மட்டும் அமுக்கியிருக்கீங்க" என்றார். ஒரு பீரியட் முழுக்க நான் காற்றுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வெட்கத்தோடு வீட்டுக்கு வரும்போதுதான், பாதி வழியில், உன் கடிதம் ஞாபகம் வந்தது.

உனக்கு அனுப்பியது அதன் பிரதிதானே? அதிலும் உஸ் தவிர என்ன இருக்க முடியும்? ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறதா? நடுவில் கொஞ்சம் வேகமா?

நீ அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் எறிந்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறாய். பரீட்சை எழுதாத பையனுக்கு மார்க் போடுகிற வாத்தியார் மாதிரி. அப்பா சாவுக்கு வர அனுமதி கிடைக்கவில்லை என்று எழுதினாய், நம்பினேன். லைன் சரியில்லை என்றாய், நம்பினேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதித் தொலைப்பதுதானே?

வேறு கேசட் பதிந்து கொடுத்துவிட்டேன். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஊர் மட்டும்தான் பாக்கி.

அக்கா

4 மே

தம்பிக்கு,

பதில் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நீயும் கோபமாக இருக்கிறாயா, உடம்பு சரியில்லையா என்று தெரியவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

ஜூன் முதல் வாரத்துக்குள் ஊரைச் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

7 மே

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. நலமில்லை.

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன் அக்கா. சத்தியமாகப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் வெளியே போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, முழுச் சத்தமும் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. அது மோட்டார் சுற்றும் அதிர்வு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது நீ பேசுவது என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் முடியும்வரை கையை எடுக்கவில்லை. பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நீ எப்படிப் பாடம் எடுப்பாய் என்று எனக்குத் தெரியாதா? அதை வைத்து எழுதினேன். வேகமாகத்தான் பேசுவாய் என்று தெரியும்.

அப்பாவுக்கு வந்ததுதான். காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிவிடுகிறதாம், குடும்பத்தில் ஓடுவதாம். போன முறை ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியதும் ஆரம்பித்தது. வலது காதில் ஆபரேஷன் செய்தார்கள். இருந்ததும் போய்விட்டது. இடது காதில் யாராவது பக்கத்தில் நின்று கத்தினால், பக்கத்து வீட்டில் பேசுவது போல ஏதோ கேட்கும். மிஷின் வைத்துப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். அப்பா சாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றது உண்மை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. வாசலில் நான்கு பேர் பேசினால் உனக்குத் தெரிந்துபோயிருக்கும்.

பலகை முறை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்காது, எழுதுவது தெரியும். அடுத்த கல்வியாண்டில் வாய்மொழித் தேர்வு கொண்டுவருகிறார்கள், இன்ஸ்பெக்டர் வந்து உட்காருவார். அதுவரைதான் என் பிழைப்பு.

உன்னை வர வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். நீ கத்திக் கத்தி ஓய்ந்து, இப்போதுதான் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறாய். அப்பாவிடமிருந்து நேராக என்னிடம் வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம். கடற்கரை நகரத்தை எழுது. இனிமேல் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

தம்பி

18 மே

டேய் நெட்டையா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். டைலர் மேலிருந்து, "டீச்சர்! டீச்சர்! என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார். தலைவலி என்று அனுப்பிவைத்தேன்.

முட்டாளே, இத்தனை நாள் ஒற்றை ஆளாக இதைச் சுமந்துகொண்டா இருந்தாய்? கையை வைத்துக் கேட்டானாம் கையை! அந்த இடத்தைப் படிக்கும்போது உன்னை நாலு அறை அறைந்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் உன்னை என்னென்ன எழுதிவிட்டேன். அதையெல்லாம் கிழித்துப் போடு.

என்னைக் காப்பாற்றுகிறானாம். உன்னை யார் கேட்டது? உன் ஊருக்கே வருகிறேன். ஜூன் பிறந்ததும் ஏஜென்சிக்குப் போய் உன் ஊரையே எழுதப் போகிறேன். கத்த வேண்டாம், சிலேட்டு வாங்கி வைத்துக்கொள்வோம், எழுதிக் காட்டிப் பேசுவோம். அந்த இன்ஸ்பெக்டர் வரும்போது என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம். ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா

31 மே

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்று மறுபடி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வா அக்கா.

நீ வருகிறாய் என்றதும் கணக்கு வாத்தியாரிடம் காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு காகிதத்தில், "எனக்கு எப்பவோ தெரியும், நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்று எழுதிக் காட்டினார். அவரே கூட வந்து வீடு பார்த்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை. உனக்குக் கிழக்குப் பக்கத்து அறை, காலை வெயில் வரும். சமையலறை சின்னதுதான், ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். சுவர் அழுக்காக இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே சுண்ணாம்பு அடித்தேன். வாசல் மணிக்குப் பதிலாக ஒரு விளக்கு எரியும்படி எலெக்ட்ரீஷியன் செய்து கொடுத்திருக்கிறார். நீ பட்டனை அமுக்கினால் உள்ளே விளக்கு எரியும். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் அவ்வளவு உப்பு இல்லை. மணலும் எப்போதாவதுதான். ரோடு நன்றாகவே இருக்கும்.

எந்த விமானம் என்று தெரிந்ததும் எழுது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

நெட்டையன்

4 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

இன்று ஏஜென்சிக்குப் போனேன். பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். டமால் டமால் என்று ஒரே சத்தம். ஏஜென்சிக்காரர், "எந்த ஊரு மேடம்?" என்றார். உன் ஊரைத்தான் சொன்னேன். "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டி, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, காதுல விழல" என்றார். அப்பா அப்படித்தான் கையை வைத்துக்கொள்வார். மூன்றாம் தடவை எனக்கு வாய் வரவில்லை. தொண்டை மட்டுமில்லை தம்பி, உடம்பு முழுக்க முடியாது என்றது. அவர் தாளை என் பக்கம் திருப்பி, "இதுல காட்டிடுங்க" என்றார். நான் கடற்கரை நகரத்தின் மேல் விரலை வைத்தேன்.

யாரும் பிடித்துத் தள்ளவில்லை. விரல் என்னுடையதுதான். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சிலேட்டில் எழுதிப் பேசலாம் என்று எழுதினேன். காகிதத்தில் அதைச் சொல்வது சுலபம். அவசரத்துக்கு வாய்தான் வரும். வந்தால் கத்தத்தான் வரும். கத்தினால் கோபம் வரும், கோபம் வந்தால் உன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அப்பா முகம் சுருங்கியதை எத்தனை தடவை பார்த்தேன்! அவர் போன அன்று எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை. அப்பாடா, இனி கத்த வேண்டாம் என்பதுதான். உன்னை நினைத்து எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்துவிடக் கூடாது.

நீ சொன்னதைத்தான் செய்திருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான் களைத்துவிட்டேன். உன் மேல் இருக்கும் பாசம் குறையவில்லை, தெம்பு தீர்ந்துவிட்டது. மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருகிறேன். என்னைத் திட்டி எழுது, தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

20 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. என்னுடையதும் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். "அதில் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, ஏதோ உற்சாகத்தில் எழுதியது" என்று முதலில் ஒரு தாள் எழுதினேன். பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே, அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ வருவாய் என்று நம்பிவிட்டேன். இரண்டு வாரம் நம்பினேன். அந்த இரண்டு வாரமும் நன்றாக இருந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உன் மேல் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் முதல் தடவையிலேயே விரலை வைத்திருப்பேன்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அங்கே போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். முதல் வகுப்பில் சிரிக்காதே, இரண்டாவது வாரம் சிரிக்கலாம். யாரிடமும் சத்தம் போடாதே. மெதுவாகப் பேசினால் அவர்களே அமைதியாகி விடுவார்கள். ஜன்னலில் கடல் தெரிகிறதா என்று பார்த்து எழுது.

நம் வீட்டைப் பூட்டிச் சாவியை டைலரிடம் கொடுத்துவிட்டுப் போ, வேறு யாருக்கும் வாடகைக்கு விட வேண்டாம். இன்ஸ்பெக்டர் டிசம்பரில் வருகிறார். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீடு வேண்டியிருக்கும். டைலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை: நான் உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது, தள்ளிக்கொண்டு வரச் சொல்.

நெட்டையன்